செங்காந்தள்: ஒரே பூவுக்கு ஏன் இத்தனை பெயர்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பெய்து ஓய்ந்ததும் வேலியோரத்தில் திடீரென்று தீப்பற்றியது போல் ஒரு கொடி பூத்து நிற்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுதான். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர், தாத்தா சொல்வது இன்னொரு பெயர், சந்தையில் வேறொரு பெயர். அதனால் இந்தப் பூவைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் பெயரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றேதான். தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சுப்பர்பா. செங்காந்தள் என்பது இலக்கியத்திலும் அரசு ஆவணங்களிலும் வழங்கும் பெயர். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்றால்தான் தெரியும். கொங்கு நாட்டில் பயிர் செய்கிறவர்களுக்குக் கண்வலிக் கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் கலப்பைக் கிழங்கு என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். இவை போக தோன்றி, கோடல், பற்றி, தலைச்சுருளி, அக்கினிசிகை என்றும் பெயர்கள் உண்டு.

இவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒன்று தெரியவரும். பூவைப் பார்த்தவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். இலை நுனியைப் பார்த்தவர் ஒன்று, மண்ணைத் தோண்டிக் கிழங்கைப் பார்த்தவர் ஒன்று, பூக்கும் மாதத்தைக் கவனித்தவர் ஒன்று. ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பார்த்து வைத்த பெயர்கள். எதுவும் தவறில்லை.

சரி, காந்தள் என்ற பெயர் எதிலிருந்து வந்தது?

தமிழில் ‘காந்து’ என்றால் எரிதல், தகித்தல். ‘வயிறு காந்துது’, ‘கண்ணு காந்துது’ என்று இன்றும் சொல்கிறோம். அடுப்பில் அடிப்பிடித்ததைக் காந்தல் என்பார்கள். காந்தள் என்ற பெயரை இந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. என் மனமும் அந்தப் பக்கமே சாய்கிறது. பூவை நேரில் பார்த்தவர் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நெருப்புதான். வடமொழியில் இதை அக்னிசிகா, அதாவது தீக்கொழுந்து, என்றார்கள். ஆங்கிலத்திலும் தீயையும் அல்லியையும் சேர்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் கேட்காமலேயே பலரும் நெருப்பைத்தான் கண்டிருக்கிறார்கள்.

முன்னால் உள்ள ‘செம்மை’ பிற்பாடு ஒட்டிக்கொண்டதல்ல. சங்கப் பாடல்களிலேயே ‘ஒண்செங்காந்தள்’ என்று இருக்கிறது.

பூவைப் பார்த்து எப்படி அடையாளம் காண்பது? ஒரே கொடியில் மஞ்சள் பூவும் சிவப்புப் பூவும் இருக்கின்றனவே?

அது இரண்டு வகைப் பூ அல்ல, ஒரே பூவின் வெவ்வேறு வயது. மொட்டு பச்சை நிறத்தில் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் கீழே விரியாமல் பின்பக்கமாக, மேல் நோக்கி மடங்கும். அந்த நேரத்தில் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கிவரும். மேலே சிவப்பு, அடியில் மஞ்சள் என்று இரண்டும் இருக்கிற நாட்களில்தான் பெரும்பாலும் படம் எடுக்கிறார்கள். கடைசியில் முழுப் பூவும் ஆழ்ந்த சிவப்பாகிவிடும். விரிந்த பிறகு பூ பல நாட்கள் வாடாமல் நிற்கும் என்பதால் கொடியில் எல்லா நிறமும் ஒரே சமயத்தில் இருக்கும்.

இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். இதழின் ஓரம் நேராக இராது, அலை அலையாக நெளிந்திருக்கும். ஆறு மகரந்தத் தாள்களும் ஆரக்கால் போல நாலாபக்கமும் நீட்டி நிற்கும். சூல்தண்டு மட்டும் சூலகத்திலிருந்து புறப்பட்ட இடத்திலேயே ஏறக்குறையச் செங்கோணத்தில் முறிந்து பக்கவாட்டில் போகும். யாரோ ஒடித்து வைத்தது போலத் தெரிந்தாலும் இயல்பே அதுதான். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழாமல் இருக்க அந்த வளைவு உதவுகிறது. இந்தச் செடியைப் பயிர் செய்கிறவர்களுக்கு இதே வளைவுதான் வேலை வைக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பற்றி, கோடல், தலைச்சுருளி என்கிறார்களே?

அவை இலையைப் பார்த்து வைத்த பெயர்கள். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, பக்கத்தில் இருக்கும் குச்சியைச் சுற்றிக்கொள்ளும். பற்றி ஏறுவதால் பற்றி. வளைவதால் கோடல், கோடுதல் என்றால் வளைதல். நுனி சுருள்வதால் தலைச்சுருளி. ஆனால் கோடல் என்பது வெண்காந்தளைக் குறிக்கும் என்றே பழைய உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தோன்றி என்பது?

எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. கோடைக்காலத்தில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. தண்டும் இலையும் காய்ந்து மறைந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மழை விழுந்ததும் யாரும் விதைக்காமல் தானாகத் தோன்றும். அதனால் தோன்றி என்று விளக்கம் சொல்வார்கள்.

இந்தப் பெயர் மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே இந்தப் பூ மேந்தோன்னி. நம்முடைய ‘ஒன்று’ அவர்களுக்கு ‘ஒன்னு’ ஆவது போல, தோன்றி தோன்னி ஆகிறது. சங்கப் பாடலில் வரும் பெயரை நாம் அகராதிக்குள் வைத்துவிட்டோம், மலையாளிகள் பேச்சில் வைத்திருக்கிறார்கள்.

சங்க இலக்கியத்தில் எங்கெல்லாம் வருகிறது?

நிறைய இடங்களில் வருகிறது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியரும் பறித்துக் குவித்த 99 பூக்களின் பட்டியல் இருக்கிறதல்லவா, அந்தப் பட்டியல் தொடங்குவதே ‘ஒண்செங் காந்தள், ஆம்பல், அனிச்சம்’ என்றுதான். முதல் பூ காந்தள். அதே பட்டியலில் பின்னால் ‘கோடல்’ வருகிறது, ‘சுடர்ப்பூந் தோன்றி’யும் வருகிறது. மூன்றும் ஒரே செடி என்றால் கபிலர் எதற்கு மூன்று முறை சொல்லவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மலர்ச்சிப் பருவத்துக்கும் நிறத்துக்கும் ஏற்ப மலைமக்கள் தனித்தனிப் பெயர் வைத்து, அவற்றைத் தனித்தனிப் பூவாகவே எண்ணியிருக்கலாம் என்பது என் எண்ணம். மஞ்சளாகவே நின்றுவிடும் வகையும் இந்தச் செடியில் உண்டு.

குறுந்தொகையின் முதல் பாட்டே காந்தளில்தான் முடிகிறது. தலைவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது தலைவிக்குக் கொடுக்கும் பரிசாக, கொண்டு வருகிறான். தோழி அதை வாங்க மறுக்கிறாள். இது எங்கள் ஊரில் இல்லாததா, முருகனின் குன்றம் முழுவதும் ‘குருதிப் பூவின் குலைக்காந்தட்டே’ என்கிறாள். திப்புத்தோளார் பாடியது. போர்க்களத்தின் சிவப்பு, அம்பின் சிவப்பு, யானைக் கொம்பின் சிவப்பு என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் பூவின் சிவப்பில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொல்வது அந்தக் காலத்தில் பழகிப்போன ஒன்று. பொருநராற்றுப்படையில் ‘நெடுவரை மிசைஇய காந்தள் மெல்விரல்’ என்று வரும். எனக்கு நெஞ்சில் நிற்பது குறுந்தொகை 167. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் முற்றிய தயிரைப் பிசைகிறாள், ‘முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்’. அந்தக் கையைக் கழுவாமலே ஆடையைத் திருத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் அடிக்கச் சமைக்கிறாள். கணவன் ‘இனிது’ என்று சொல்லிச் சாப்பிடுகிறான். கூடலூர் கிழார் எழுதியது. மலைப்பூ அடுக்களைக்குள் வந்துவிட்ட இடம் அது.

உடைந்த வளையல் துண்டுகள் போல மலர்ந்த காந்தள் என்று ஔவையார் புறநானூற்றில் (90) பாடுகிறார். மேல்நோக்கி வளைந்து நிற்கும் இதழ்களைப் பாருங்கள், ‘உடைவளை’ எவ்வளவு சரியாகப் பார்த்துச் சொன்னது என்று புரியும். காற்றில் நலிந்து பாறைமேல் கவிழ்ந்து கிடக்கும் காந்தளைப் படம் விரித்த பாம்போடு ஒப்பிடும் பாட்டும் (குறுந்தொகை 185) உண்டு.

முருகனுக்கும் இந்தப் பூவுக்கும் என்ன தொடர்பு?

இரண்டும் குறிஞ்சி நிலத்துக்கு உரியவை, இரண்டும் சிவப்பு. திருமுருகாற்றுப்படை முருகனை ‘சுரும்பும் மூசாச் சுடர்ப்பூங் காந்தள்’ கண்ணி சூடிய தலையன் என்று பாடுகிறது. வண்டுகூட மொய்க்காத, சுடர் போன்ற காந்தள். தொல்காப்பியத்தில், முருகனின் பூசாரியான வேலன் சாமியாடும் வெறியாட்டுக்கே ‘காந்தள்’ என்று துறைப்பெயர் இருக்கிறது.

கலப்பைக் கிழங்கு என்று ஏன் பெயர்?

கிழங்கைப் பார்த்தால் கேள்வியே எழாது. இரண்டு கவையாகப் பிரிந்து, கோணலாக, பழைய மரக் கலப்பையின் வடிவத்தில் இருக்கும். வடமொழிப் பெயர் லாங்கலி. லாங்கலம் என்றால் கலப்பை. மருத்துவ நூல்களில் இலாங்கலி என்று வருவதும் இதுதான்.

கிழங்கின் கவை நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்துவிட்டால் அந்தப் பக்கம் முளைக்காது. ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கிப்போய்ப் புதியது உருவாகும்.

கண்வலிக் கிழங்கு என்கிறார்களே, பார்த்தால் கண் வலிக்குமா?

பார்ப்பதால் வலிக்காது. பயப்படாமல் பாருங்கள், படம் எடுங்கள். இந்தப் பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்வலி வரும் என்று ஒரு நம்பிக்கை கிராமங்களில் உண்டு, பெயரும் அதிலிருந்து வந்தது என்கிறார்கள்.

ஆனால் இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிகுதி. சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். அதே கையால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும்? இத்தனை அழகான பூவிடம் குழந்தைகள் போகாமல் இருக்கப் பெரியவர்கள் எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும். ‘கண்வலி’ என்ற ஒரே சொல் அந்த வேலையைச் செய்திருக்கிறது.

கார்த்திகைப்பூ என்றால் கார்த்திகையில் மட்டும்தான் பூக்குமா?

மழையைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் இடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் பூத்துக் குலுங்கும். ஈழத்தின் வடக்கும் கிழக்கும் அந்த மழையில்தான் நனைகின்றன, அதனால் அங்கே மாதத்தின் பெயரே பூவுக்கு வந்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மலைச்சரிவுகளில் ஆடி, ஆவணியிலேயே பார்க்கலாம்.

ஈழத் தமிழர்களுக்கு இது வெறும் காட்டுப்பூ அல்ல. விடுதலைப் புலிகள் 2003-இல் இதைத் தமிழீழத்தின் தேசிய மலராக அறிவித்தார்கள். மாவீரர் நாளான நவம்பர் 27 கார்த்திகையில் வருவதால், இறந்தவர்களை நினைவுகூரும் பூவாகவும் ஆனது. புலம்பெயர்ந்த நாடுகளில் அந்த நாளில் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு மஞ்சள் பூ இதுவே.

குளோரியோசா சுப்பர்பா என்று பெயர் வைத்தது யார்?

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ். 1753-இல் வெளிவந்த அவரது நூலில் இந்தப் பெயர் இருக்கிறது. இலத்தீனில் முதல் சொல்லுக்குப் புகழ் மிக்கது என்றும் இரண்டாவதற்குப் பெருமிதம் கொண்டது என்றும் பொருள். இரண்டுமே புகழ்ச்சி. ஆனால் எந்தப் பூவுக்கும் இதை வைக்கலாம். கிழங்கோ இலையோ மழையோ அதில் இல்லை.

அதற்கு முன்னால் ஐரோப்பிய நூல்களில் இந்தச் செடிக்கு இருந்த பெயர் மெத்தோனிகா. அது எங்கிருந்து வந்தது? கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, மலபார் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. செடிகளின் பெயரையும் பயனையும் சொல்லித் தந்தவர்களில் முக்கியமானவர் கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த, ஈழவர் சமூகத்து வைத்தியர் இட்டி அச்சுதன். அந்த நூலில் இந்தப் பூ ‘மெந்தோனி’ என்று மலபார்ப் பெயரிலேயே இருக்கிறது. மெத்தோனிகா இந்தப் பெயரின் இலத்தீன் வடிவம்.

தோன்றி, மேந்தோன்னி, மெந்தோனி, மெத்தோனிகா. நம் மலைமக்கள் வைத்த பெயர் ஐரோப்பாவின் தாவரவியல் நூல் வரைக்கும் போய்விட்டு, லின்னேயஸ் கையில் மறைந்துபோனது. அந்தப் பெயர் நிலைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வேறு எந்த நாட்டில் வளர்கிறது?

ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் இயற்கையாக வளர்கிறது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான். அந்த நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்தபோது, 1947-இல் வந்த இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூ வடிவில் செய்த வைர ஊசியைப் பரிசளித்தார்கள். ஜப்பானில் கொய்மலருக்காக வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் தோட்டத்திலிருந்து தப்பி மணல்மேடுகளில் பரவிவிட்டதால் அங்கே இது களை.

உண்மையிலேயே அவ்வளவு நஞ்சா?

ஆமாம், உயிருக்கே ஆபத்து. கோல்சிசின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். உயிரணுக்கள் பிரிவதை அது தடுத்துவிடும். அதனால் உடலில் எந்தெந்த அணுக்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அவை முதலில் அடிபடும். சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு. அப்புறம் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டும்.

இலங்கையில் இந்தக் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு ஆபத்துக்குள்ளானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. வேகவைத்தால் நஞ்சு போய்விடாது. யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வீட்டில் எந்த வைத்தியமும் பார்க்காதீர்கள். வாந்தி நின்றுவிட்டதே, சரியாகிவிட்டது என்றும் இருந்துவிடாதீர்கள், பெரிய பாதிப்பு அதற்குப் பிறகுதான் வரும். உடனே மருத்துவமனைக்குப் போய், எந்தச் செடி என்று சொல்லுங்கள். முடிந்தால் செடியின் படத்தையும் காட்டுங்கள்.

சித்த, ஆயுர்வேத மருந்துகளில் இது சேர்கிறது, ஆனால் முறைப்படி சுத்தி செய்து, அதாவது நஞ்சைக் குறைத்த பிறகே. அதைப் படித்து வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

நஞ்சை ஏன் ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள்?

அதே கோல்சிசினுக்காகத்தான். யூரிக் அமிலத்தால் வரும் கவுட் மூட்டுவலிக்கு அது மருந்து. 1937-இலிருந்து செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் புது ரகங்களை உருவாக்கவும் பயன்படுகிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலும் வேதாரண்யம் பக்கத்திலும் விதைக்காக வளர்க்கிறார்கள். விதை பெரும்பாலும் ஏற்றுமதியாகிறது, விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும்.

சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்பதைச் சொன்னேன் அல்லவா? பூச்சிகளை மட்டும் நம்பினால் போதுமான காய் பிடிக்காது. அதனால் பூக்கும் காலத்தில் காலை வேளையில் ஆட்கள் பந்தலுக்குள் இறங்கி, ஒவ்வொரு பூவாகப் பிடித்து மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். இதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும், இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும். பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். காய் முற்றி வெடித்தால் உள்ளே ஆரஞ்சு கலந்த சிவப்பில் விதைகள் வரிசையாக இருக்கும்.

வீட்டில் வளர்க்கலாமா?

சின்னக் குழந்தைகளோ ஆடுமாடோ நாயோ இருக்கிற வீட்டில் வேண்டாம். மற்றவர்கள் வளர்க்கலாம். நீர் தேங்காத மண், ஏறுவதற்குக் கம்பு, நல்ல வெயில் இருந்தால் போதும். இலை காய்ந்த பிறகு தண்ணீரை நிறுத்திவிடுங்கள், செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். கிழங்கைக் கையாளும்போது கையுறை போடுங்கள், சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

காட்டிலிருந்து தோண்டி வராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பல இடங்களில் கிழங்கு வியாபாரத்துக்காகத் தோண்டித் தோண்டியே காட்டுக் காந்தள் அரிதாகிவிட்டது. நாற்றங்காலில் வாங்கலாம்.

நேரில் பார்க்க எங்கே போகவேண்டும்?

பெரும்பாலும் உங்கள் ஊர் எல்லையே போதும். புதர்க்காடு, மலையடிவாரம், கடலோர மணல், பனங்காட்டு வேலி எங்கும் வளரும். காங்கேயம், தாராபுரம் பக்கம் மேய்ச்சல் காடுகளைச் சுற்றியிருக்கும் கிளுவை வேலிகளில் தேடிப் பாருங்கள், முள்ளைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கும். முதல் நல்ல மழைக்குப் பிறகு சில வாரங்கள் கழித்துப் போவது சரியாக இருக்கும். தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வந்துபோகும் என்பதால் காலையில் போனால் அவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். வேலி பல ஊர்களில் கம்பிவேலியாக மாறிவருகிறது. அங்கே இந்தக் கொடி ஏற இடமில்லை, அதனால் உயிர்வேலி மிச்சமிருக்கும் பாதையாகப் பார்த்துப் போங்கள்.